பயிற்சி விமானங்களின் முழு வரலாறும் எழுதப்பட வேண்டும்

கொத்மலை, பூண்டுலோயா, இறம்பொடைப் பக்கத்துப் பாடசாலைகள் கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா போனால் தெஹிவளை மிருகக்காட்சிசாலை தவறாது. அங்கிருந்து காலி வீதியில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் இரத்மலானை விமான நிலையம். அதை ஒட்டியே விமானப்படை நூதனசாலை. பழைய விமானங்களைப் பாதுகாக்கும் பிரிவாக 1993இல் தொடங்கிய இது, போர் முடிந்த 2009ஆம் ஆண்டு நவம்பரில் புதுப்பொலிவோடு மறுபடி திறக்கப்பட்டது. சிப்மங்க், பல்லியோல், ஜெட் புரவோஸ்ட், சியாமாசெட்டி என்று விமானப்படையின் பல தலைமுறைப் பயிற்சி விமானங்கள் ஓய்வுபெற்று அங்கே நிற்கின்றன. அவற்றைப் பேணுவது நல்ல காரியம். மலையகப் பிள்ளைகளும் அவசியம் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் விமானி உருவான கதையோடு அவற்றின் வரலாறு முடிந்துவிடவில்லை. வகுப்பறையாக இருந்த அதே விமானம் நாட்டின் சொந்த மக்கள்மீது ஆயுதமாகவும் பாய்ந்திருக்கிறது. அந்த இரண்டையும், தமிழிலும், விமானத்தின் பக்கத்திலேயே எழுதிவைப்பது ஒரு தேசிய நூதனசாலையின் கடமை.

இவை ஏன் பேணத் தக்கவை என்பதில் ஐயம் வேண்டாம். 1951இல் பிறந்த அரச இலங்கை விமானப்படையின் முதல் விமானங்களே சிப்மங்க் பயிற்சி விமானங்கள்தான். 145 குதிரைவலு கொண்ட அந்தச் சின்ன விமானத்தில் ஆசிரியரும் மாணவரும் முன்னும் பின்னுமாக அமர்வார்கள். அடுத்து வந்த பல்லியோலில் இருவரும் தோளோடு தோள் அமர்ந்தார்கள். மாணவரின் கை தடுமாறுவதை ஆசிரியர் பக்கத்திலிருந்தே பார்த்துத் திருத்தலாம். அதன் மூக்குக்குள் இருந்ததோ 1,245 குதிரைவலு கொண்ட ரோல்ஸ் ரொய்ஸ் மெர்லின். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்குப் புகழ் தேடித்தந்த இயந்திரக் குடும்பம். தயாரான இருநூற்றுச் சொச்சம் பல்லியோல்களில் இன்று உலகில் மிஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று இரத்மலானையில் இருக்கிறது. அதற்கடுத்த ஜெட் புரவோஸ்டில் விசிறியே இல்லை. பத்தே ஆண்டுகளுக்குள் பறக்கும் கலை எவ்வளவு மாறியது என்பதை இந்த மூன்றையும் வரிசையாகப் பார்க்கும் மாணவி எந்தப் பாடநூலையும்விடத் தெளிவாக விளங்கிக்கொள்வாள்.

ஜெட் புரவோஸ்டின் மறுபக்கமும் அவளுக்குத் தெரிய வேண்டும். இலங்கை வாங்கிய 12 விமானங்களும் டி.51 ரகம், இயந்திரத் துப்பாக்கி பொருத்தி ஏற்றுமதிக்கென்றே செய்யப்பட்டவை. 1971 ஏப்ரல் 5ஆம் திகதி ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தபோது, சீனக்குடாவில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவற்றை அவசரமாகத் தயார்செய்து கிளர்ச்சியாளர்கள்மீது தாக்குதலுக்கு அனுப்பினார்கள். அந்தக் கிளர்ச்சி அடக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் சிங்களக் கிராமங்களின் இளைஞர்கள், உயிரிழந்தார்கள். 1985இல் இத்தாலியிலிருந்து வரத் தொடங்கிய சியாமாசெட்டியும் பயிற்சி விமானமே. இறக்கைக்குக் கீழே ரொக்கெட்டும் குண்டும் தொங்கவிட்டு அதை வடக்கில் பறக்கவிட்டார்கள். 1987இன் வடமராட்சி நடவடிக்கையிலும் அது குண்டு வீசியது. அந்தத் தலைமுறை யாழ்ப்பாணத்தாருக்கு அதன் இரைச்சல் என்றால் பங்கருக்குள் ஓடிய நினைவுதான். சுட்டு வீழ்த்தப்பட்ட சியாமாசெட்டிகளில் விமானிகளும் மாண்டார்கள். அவர்கள் பெயரும் வரட்டும், கீழே நின்றவர்களின் கதையும் வரட்டும்.

வடக்கிலும் தெற்கிலும் நடந்ததற்கு மலையகத்தில் இருக்கும் நமக்கு என்ன என்று கேட்கலாம். இந்த விமானங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும். 1950களில் இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கும் மேல் தேயிலைதான். சிப்மங்கையும் பல்லியோலையும் ஜெட் புரவோஸ்டையும் வெளிநாட்டில் வாங்கப் போன அந்நியச் செலாவணியில் பெரும் பங்கு மலைநாட்டுக் கொழுந்துக் கூடையில் சேர்ந்தது. அந்தக் கூடையைச் சுமந்தவர்களோ 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் குடியுரிமையையும், அடுத்த ஆண்டே வாக்குரிமையையும் இழந்து நின்றார்கள். நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் உழைப்பில் நாட்டின் வான்படை சிறகு முளைத்தது. இதையும் நூதனசாலைச் சுவரில் இரண்டு வரி எழுதினால் தோட்டத்துப் பிள்ளை அங்கே விருந்தாளியாக நிற்க வேண்டியதில்லை, பங்காளியாக நிற்கலாம்.

படையின் நூதனசாலை வீரத்தைப் போற்றுவதற்கானது, ஆறிய புண்ணைக் கிளறுவதற்கானது அல்ல என்பது வலுவான ஆட்சேபம். இறந்த விமானியின் தாய்க்கும் மனம் உண்டு. அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் மறைப்பதால் எந்தப் புண்ணும் ஆறுவதில்லை. ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசிய எனோலா கே விமானத்தை 1995இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நூதனசாலை காட்சிக்கு வைக்க முனைந்தபோது, கீழே எரிந்தவர்களின் கதையும் சொல்லப்படுவதை முன்னாள் படைவீரர் அமைப்புகள் எதிர்த்தன. விளக்கங்கள் நீக்கப்பட்டன, பணிப்பாளர் மார்ட்டின் ஹார்விட் பதவி விலகினார். சர்ச்சை ஓய்ந்ததா? இன்றும் அந்த விமானத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் நீக்கப்பட்ட விளக்கங்களைப் பற்றியும் எழுதுகிறார்கள். நம் மலைகளிலேயே வேறொரு முன்மாதிரி இருக்கிறது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி ஏழு கன்னியர் மலையில் மோதிய மார்ட்டின் எயார் விமானத்தில் 191 பேர் மாண்டார்கள். பெரும்பாலானோர் இந்தோனேசியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்கள். அதன் சக்கரமொன்றை நோட்டன்பிரிட்ஜில் நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இறந்த மனிதர்கள்தான். அதனால் விமானத் துறைக்கு எந்த அவமதிப்பும் நேர்ந்துவிடவில்லை.

லயத்துக் கூரை ஒழுகும் நாட்டில் பழைய விமானத்துக்குச் செலவா என்ற கேள்வியும் நியாயமானதே. வீடா விமானமா என்றால் வீடுதான் முதலில். ஆனால் இங்கே கேட்பது புதுக் கட்டடமோ புது விமானமோ அல்ல. கடற்கரைக்கு அருகிலுள்ள இரத்மலானையின் உப்புக்காற்று அலுமினியத்தை அரிக்கும். ஆகவே பராமரிப்புச் செலவு எப்படியும் உண்டு. அந்தச் செலவோடு ஒப்பிட்டால் விளக்கப் பலகைக்கு ஆகும் செலவு சொற்பம். உலோகத்தை மட்டும் காப்பாற்றி அதன் பொருளைக் கைவிடுவதுதான் உண்மையான வீண்செலவு.

செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு விமானத்தின் பக்கத்திலும் அது கற்பித்தது என்ன, தாக்கியது எங்கே, எப்போது என்பது மூன்று மொழிகளிலும் இருக்க வேண்டும். 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. ஆகவே இதில் சலுகை கேட்க ஒன்றுமில்லை. அவற்றை ஓட்டியவர்கள், பழுதுபார்த்தவர்கள், 1971ஐயும் 1987ஐயும் தரையிலிருந்து கண்டவர்கள் ஆகியோரின் வாய்மொழிகளை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே பதிவுசெய்ய வேண்டும். 1971இல் இருபது வயதானவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். விமானத்தை இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பேணிவிடலாம்; சாட்சிகளுக்கு அந்த அவகாசம் இல்லை. ஆகவே பதிவு வேலை முதலில் தொடங்கட்டும்.