தாய்ப்பலகைமீது பழி போடலாமா?

பந்திங்கில் என் மாணவன் வீட்டு மேசைக் கணினியில் திடீரெனச் சத்தம் இல்லை. தாய்ப்பலகையையே மாற்றச் சொன்னாராம் கடைக்காரர். சோதிக்காமல் சொன்ன தீர்ப்பை நான் ஏற்பதில்லை.

அறிவியல்கூடத்தில் ஒரு நேரத்தில் ஒரு மாறியைத்தானே மாற்றுகிறோம்? இங்கும் அப்படியே செய்தோம். ஒலிபெருக்கியைப் பழைய கைப்பேசியில் செருகினோம், பாடியது. பின்புறத்தில் கம்பி பச்சைத் துளையில்தான் இருந்தது. (மைக்ரோசாஃப்டும் இன்டெலும் வெளியிட்ட ‘பிசி 99’ வழிகாட்டி ஒலி வெளியீட்டுக்குத் தந்த நிறம் அது.) அடுத்து, பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கினோம். சத்தம் வந்தது! ஆக, தாய்ப்பலகை நலம். கோளாறு விண்டோஸ் அமைப்பில். எச்டிஎம்ஐ வழியாக ஒலி திரைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தத் திரையிலோ ஒலிபெருக்கியே கிடையாது!

லினக்ஸிலும் ஊமையாக இருந்திருந்தால், பயாஸில் ஒலி முடக்கப்பட்டுள்ளதா என்று பார்த்திருப்போம். ஒலிச்சில்லு உண்மையிலேயே கெட்டிருந்தாலும் பலகையை ஏன் வீச வேண்டும்? சின்ன யூஎஸ்பி ஒலிக்கருவி ஒன்று போதும்.