டேபிளுக்குள் ஆப்ஜெக்டைத் திணிக்காதீர்!

ஆர் மொழியில் கொஞ்சம் கை பழகியதும் பலருக்கும் ஓர் ஆசை வரும். பணத்துக்கு ஒரு கிளாஸ், முகவரிக்கு ஒரு கிளாஸ் என்று சொந்தமாக எழுதி, அந்த ஆப்ஜெக்டுகளை அப்படியே டேபிளின் ஒரு நெடுவரிசையில் போட்டுவிட வேண்டும் என்று. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் என்னைக் கேட்டால், பெரும்பாலும் இது வேண்டாத வேலை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. டேட்டா.ஃபிரேம் என்பது ஒரே நீளமுள்ள வெக்டர்களை அடுக்கிய ஒரு லிஸ்ட். அவ்வளவுதான். டேட்டா.டேபிளும் அதன் மேல் கட்டியதே. எஸ்3 கிளாஸ் என்பதோ சாதாரண வெக்டரின் மேல் ஒட்டிய ஒரு சீட்டு. ஆரில் அதற்கு ஆட்ரிபியூட் என்று பெயர். தேதியையே பாருங்கள். உள்ளே இருப்பது 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை நாள் என்ற எண் மட்டும். 'டேட்' என்ற சீட்டு ஒட்டியிருக்கும் வரை அது தேதி, சீட்டு உதிர்ந்தால் வெறும் எண்.

சீட்டு எப்போது உதிரும்? இங்கேதான் வில்லங்கம். இஃப்எல்ஸ் ஃபங்ஷனுக்குள் தேதியைக் கொடுத்தால் எண்ணாகத் திரும்பி வரும். ஃபார் லூப்பில் தேதிகளை ஒவ்வொன்றாக எடுத்தாலும் அதே கதி. 2024 ஜனவரி 1 என்பது 19723 ஆகி நிற்கும். தேதியாவது பரவாயில்லை, பார்த்த உடனே ஏதோ தப்பு என்று புரிந்துவிடும்.

மொபைல் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரின் சாதாரண முழு எண் 2147483647-ஐத் தாண்டாது. நம் ஊர் பத்து இலக்க மொபைல் எண்கள் எல்லாம் அதைத் தாண்டியவை. அதனால் டேட்டா.டேபிளின் எஃப்ரீட் அவற்றை இன்டிஜர்64 என்ற கிளாஸாகப் படிக்கும். தசம எண்ணுக்கு உரிய 8 பைட் இடத்தில் முழு எண்ணின் பிட்டுகளை வைத்து, மேலே ஒரு சீட்டு ஒட்டுவதுதான் அதன் தந்திரம். இஃப்எல்ஸ் அந்தச் சீட்டையும் கழற்றிவிடும். அப்புறம் அதே பிட்டுகள் தசம எண்ணாக வாசிக்கப்படும். 1 என்ற எண், புள்ளிக்குப் பிறகு 323 பூஜ்யங்களைத் தாண்டி வரும் ஒரு துக்கடா எண்ணாகிவிடும். எரர் கிடையாது, எச்சரிக்கை கிடையாது!

அனுபவசாலிகள் எழுதிய கிளாஸுக்கே இந்த நிலைமை. நாம் எழுதும் கிளாஸ் எப்படி இருக்கும்?

'பணம்' என்று ஒரு கிளாஸ் எழுதுகிறோம் என்று வையுங்கள். தொகை வெக்டரில், நாணயத்தின் பெயர் ஆட்ரிபியூட்டில். கல்லூரி விழா நன்கொடைக்கு இரண்டு டேபிள்கள். ஒன்று ரூபாய், மற்றது வெளிநாட்டு முன்னாள் மாணவர்கள் அனுப்பிய டாலர். இரண்டையும் ஆர்பைண்ட்லிஸ்ட் கொண்டு சேர்த்தால் என்ன ஆகும்? கிளாஸின் பெயர் ஒன்றுதானா என்று மட்டும் அது பார்க்கும். மற்ற ஆட்ரிபியூட்டுகளை முதல் டேபிளிலிருந்து எடுத்துக்கொள்ளும். 100 டாலர் கொடுத்த புண்ணியவான் 100 ரூபாய் கொடுத்தவராகிவிடுவார். எரர் வந்தால் திருத்திக்கொள்ளலாம். எரரே வராமல் தப்பான கூட்டுத்தொகை வந்தால் யார் கண்டுபிடிப்பது?

இதற்கு மருந்து ரொம்ப சுலபம். தொகைக்கு ஒரு நெடுவரிசை, நாணயத்துக்கு ஒரு நெடுவரிசை. வரிக்கு வரி மாறக்கூடிய விவரத்தை நெடுவரிசை முழுவதற்குமான சீட்டில் எழுதியதுதான் கோளாறு. மொபைல் எண்ணைக் கூட்டிக் கழிக்கப் போவதில்லையே, அதை எழுத்தாகவே படித்துவிடுங்கள்.

"அப்படியானால் எஸ்எஃப் பாக்கேஜ்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதில் ஒவ்வொரு வரியிலும் ஒரு மாவட்டத்தின் எல்லைக்கோடு முழுவதுமே ஆப்ஜெக்டாக உட்கார்ந்திருக்கும், ஜோராக வேலையும் செய்யும். காரணம், வெட்டுவது, சேர்ப்பது, அச்சிடுவது என்று ஒவ்வொன்றுக்கும் அதை எழுதியவர்கள் மெத்தட் எழுதி வைத்திருக்கிறார்கள். வெவ்வேறு ஆயத்தொலை முறையில் உள்ள இரண்டு வரைபட டேபிள்களை ஆர்பைண்ட் செய்யப் பாருங்கள், எரர் கொடுத்து நிறுத்திவிடும். நம் 'பணம்' செய்யாமல் விட்டது இதைத்தான். அவ்வளவு உழைப்புக்குத் தயார் என்றால் தாராளமாக எழுதுங்கள்.

லிஸ்ட் நெடுவரிசையில் எல்எம் மாடல்களை அடுக்குவதும் இப்போது சகஜம். ஒவ்வொரு மாடலும், தான் பயன்படுத்திய டேட்டாவின் நகலையும் வழக்கமாகச் சுமந்துகொண்டே வரும் என்பதை மறக்க வேண்டாம். அந்த டேபிளை ரைட்.சிஎஸ்வி எழுதவும் மறுத்துவிடும். நமக்குத் தேவை கெழுக்கள் மட்டும் என்றால் அவற்றை எண்களாக எடுத்து வைத்துக்கொண்டு, மாடல்களைத் தனி லிஸ்டில் பெயர் போட்டு வைக்கலாம்.

டேபிள் என்பது நாளைக்கு வேறு ஒருவர், வேறு ஒரு மென்பொருளில் திறந்து பார்க்கப்போகும் பொருள். அவரிடம் நம் கிளாஸ் இருக்காது. அதனால் எண், எழுத்து, தேதி என்று எளிமையாகவே வையுங்கள். கிளாஸ் வேண்டும் என்றால், கணக்குப் போடும் நேரத்தில் அந்த நெடுவரிசைகளிலிருந்து கட்டிக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் பிரித்து வைத்துவிடலாம்.