கேட்கிறது, புரியவில்லை என்போரை நம்புவோம்

“காது கேட்கிறது, பேசுவதுதான் புரியவில்லை.” எங்கள் பிரிவில் நாள்தோறும் கேட்கும் முறையீடு இது. இவர்களுள் சிலருக்கு ஒலிபுகா அறையில் செய்யும் கேட்புச் சோதனை இயல்பாகவே அமைகிறது. உடனே வீட்டார், “காதில் குறையில்லை, கவனம்தான் இல்லை” என்று முடிவுகட்டி விடுகின்றனர். இம்முடிவு அவசரமானது என்பதே எங்கள் கருத்து.

உட்செவியில் நத்தைக் கூட்டைப் போலச் சுருண்டுள்ள காக்ளியாவில் ஏறத்தாழ 3,500 உள் மயிர்ச்செல்கள் உள்ளன. ஒலியதிர்வை நரம்பு உணரும் குறிப்பாக மாற்றுபவை இவையே. ஒவ்வொரு செல்லுடனும் பொதுவாக 10 முதல் 20 நரம்பிழைகள் இணைகின்றன. சில இழைகள் மெல்லொலிக்கே தூண்டப்படுகின்றன. வேறு சில உரத்த ஒலிக்கு மட்டுமே செயற்படுகின்றன. இரைச்சலுக்கிடையே பேச்சைப் பிரித்தறிய இவ்விரண்டாம் வகை பெரிதும் துணைசெய்வதாகக் கருதப்படுகிறது.

2009ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களான குஜாவா, லிபர்மன் ஆகியோர் சுண்டெலிகளை இரண்டு மணி நேரம் உரத்த ஒலிக்கு உட்படுத்தினர். சில நாள்களில் கேட்கும் திறன் மீண்டது; மயிர்ச்செல்களும் அழியவில்லை. ஆயினும் ஒரு பகுதியில் பாதியளவு நரம்பிணைப்புகள் அற்றுப்போயிருந்தன. அமைதியான அறையில் மெல்லொலியை உணர எஞ்சிய இழைகளே போதும். ஆகவே வழக்கமான சோதனை இவ்விழப்பைக் காட்டுவதில்லை. மனிதரிடத்தும் வயது ஏறுகையில், செல்கள் அழியும் முன்பே இணைப்புகள் குறைவது இறந்தோரின் உட்செவிகளை ஆராய்ந்ததில் தெரிய வந்துள்ளது. இரைச்சல் மனிதரை எவ்வளவு இவ்வாறு பாதிக்கிறது என்பது இன்னும் ஆய்வில் உள்ளது.

புரியாமைக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். எனினும் “சோதனை இயல்பு” என்ற ஒரு தாளோடு மருத்துவர்களாகிய நாங்களும் நின்றுவிடலாகாது. இரைச்சலுக்கிடையே பேச்சை அறியும் சோதனை செய்ய இயலுமா என்று நீங்கள் தயங்காமல் கேளுங்கள்.

வீட்டில், உரக்கக் கத்துவதால் பயன் குறைவு. தொலைக்காட்சியை நிறுத்துங்கள், எதிரே அமர்ந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேசுங்கள். திருமண மண்டபத்திலும் கோயில் விழாவிலும் ஒலிபெருக்கிக்கு அருகே குழந்தைகளை அமர்த்தாதீர்கள். அற்றுப்போன இணைப்பை மீட்கும் மருந்து இன்று நம்மிடம் இல்லை. எனவே இருப்பதைக் காப்பதும், புரியவில்லை என்பவரைப் பழிக்காதிருப்பதும் நம் எல்லோருடைய கடமை.