காதுக்குக் கிடைத்த பிரசாதம்

யாத்திரை போய் வந்தவர்களிடம், "என்னென்ன பார்த்தீர்கள்?" என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறோம். "என்ன கேட்டீர்கள்?" என்று விசாரிப்பவர் உண்டா? கண்ணுக்குக் கிடைத்த தரிசனத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறவர்கள்கூடக் காதுக்குக் கிடைத்த பிரசாதத்தை வழியிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்!

ஸ்பெயின் தேசத்தின் வடமேற்கு மூலையில், கலீஸியா என்ற மழைப் பிரதேசத்தில் ஸாந்தியாகோ என்ற ஊர் இருக்கிறது. ஏசுநாதரின் சீடரான யாக்கோபு அங்கே அடக்கமாகியிருப்பதாக நம்பிக்கை. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் 'சந்தியாகப்பர்' என்கிறார்களே, அவரேதான். ஆயிரம் வருஷங்களுக்கு மேலாக ஜனங்கள் அங்கே நடந்து போகிறார்கள். பிரான்ஸ் எல்லையிலிருந்து புறப்பட்டால் சுமார் 780 கிலோமீட்டர். அவ்வளவு முடியாவிட்டாலும், கடைசி 100 கிலோமீட்டர் நடந்தால் போதும், யாத்திரைப் பத்திரம் கொடுத்துவிடுகிறார்கள். 2024-ல் ஏறக்குறைய 5 லட்சம் பேர் அதைப் பெற்றார்கள். அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்றால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்குமல்லவா?

நானும் ஸாரியா என்ற ஊரிலிருந்து ஆறு நாள் நடந்து போய்ச் சேர்ந்தேன். மாதா கோயிலின் பக்கத்துத் தெரு சரிந்து இறங்கி, ஒரு கல் வளைவுக்குள் நுழைகிறது. அதன் படிகளைத் தாண்டினால் பெரிய சதுக்கம். யாத்திரை அங்கே முடிகிறது. அந்த வளைவின் அடியில்தான் ஒரு வாத்தியக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

அவர் வாசித்த வாத்தியத்துக்குக் 'கைத்தா' என்று பெயர். கக்கத்தில் ஒரு காற்றுப் பை. நம் நாகஸ்வரத்தைப் போலவே சீவாளி வைத்த குழல் ஒன்று. தோளில் சாய்ந்திருக்கும் நீண்ட குழல் ஒத்து ஊதுவதுபோல ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கல் வளைவுக்குள் அந்த நாதம் எதிரொலித்துப் பெருகி வரும்போது, காலில் இருக்கும் கொப்புளமெல்லாம் மறந்துபோகிறது!

மறுநாள் காலையில் அங்கேயே ஒரு படியில் உட்கார்ந்து கவனித்தேன். யாத்திரிகர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவரும் அந்த நாலைந்து மெட்டுக்களையே மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டிருந்தார். தடியூன்றி வந்த ஒரு பாட்டியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டாள். முடிக்கவிருந்த மெட்டை அவர் முடிக்காமல், அவளுக்காக இன்னொரு தடவை நீட்டினார்.

யோசித்துப் பாருங்கள். கேட்பவளுக்கு அது ஆயுளில் ஒருமுறை வரும் க்ஷணம். வாசிப்பவருக்கோ அன்றாட வயிற்றுப் பிழைப்பு. இருந்தும் அவளுடைய க்ஷணத்தை அவர் பழசாக்கவில்லை. வீட்டில் கடைசியாகச் சாப்பிட வருகிறவருக்கும் முதல் தோசையைப் போலவே முறுகலாக வார்த்துப் போடுகிறீர்களே, அந்தக் குணம்தான் இதுவும். அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கோயிலின் மேற்கு வாயிலில் மத்தேயோ என்ற சிற்பி அமைத்த அற்புதமான முகப்பு ஒன்று இருக்கிறது. அதன் விட்டக் கற்களை நிறுத்திய வருஷம் 1188. மேலே வளைவாக 24 முதியவர்கள் வீற்றிருக்கிறார்கள். பெரும்பாலோர் கையில் வாத்தியம். கச்சேரிக்குச் சுருதி கூட்டுவதுபோல ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் இருவர் ஒரே வாத்தியத்தை மடியில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பத்து வருஷத்துக்கு மேல் பாடுபட்டு அந்த முகப்பைச் செப்பனிட்டு, 2018-ல் முடித்தார்கள். அதைப் பார்க்கச் சீட்டு வாங்கிக்கொண்டு போகிறோம்.

கல்லாய் உட்கார்ந்திருக்கும் வாத்தியக்காரருக்கு அத்தனை மரியாதை. உயிரோடு நின்று ஊதுகிறவர் முன்னால் மட்டும், காசு போட வேண்டியிருக்குமே என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்! போட்டாலும், நில்லாமல் விட்டெறிந்துவிட்டுப் போகிறோம். அப்படிப் போட்டால் அது பிச்சை. நின்று கேட்டுவிட்டுக் கொடுத்தால் சன்மானம். காசு ஒன்றுதான், அது அவர் கையில் என்னவாகிறது என்பது நம் கால்கள் நிற்பதில் இருக்கிறது.

அடுத்த தடவை எந்த க்ஷேத்திரத்துக்குப் புறப்பட்டாலும் சரி, காணிக்கையை மஞ்சள் துணியில் முடிகிறபோது, வாசலில் வாசிப்பவருக்கும் ஒரு பங்கு சேர்த்து முடியுங்கள். கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு பாட்டு முடியும் வரை நின்று கேளுங்கள். சுவாமி அதற்குள் எங்கும் போய்விட மாட்டார்!