"அது சும்மாதாங்க இருக்கு"

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

முந்தாநாள் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது அவளும் ஆசிரியை. "சார், சென்சஸ் டியூட்டிக்கு என் பேரும் போயிருக்கு. நீங்க மூணு தடவை போனவங்களாச்சே, ஏதாவது சொல்லுங்க சார்" என்றாள். நல்ல செருப்பாகப் போட்டுக்கொள், நாய் இருக்கும் வீட்டில் வாசலிலேயே நின்று குரல் கொடு, இந்த முறை எல்லாம் மொபைலில் என்கிறார்கள், சார்ஜ் பார்த்துக்கொள் என்று ஏதேதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். முக்கியமானதைச் சொல்லவில்லையே என்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

1991, 2001, 2011 என்று மூன்று முறை நான் வீடு வீடாகப் போனவன். பெயர், வயது, படிப்பு எல்லாம் சுலபம். சிக்கலே வேலை பற்றிய கேள்வியில்தான். இந்த நாட்டில் எத்தனை பேர் உழைக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று டெல்லியில் போடும் கணக்குக்கு, திண்ணையில் உட்கார்ந்து நாங்கள் நிரப்பும் அந்தக் கட்டம்தான் அடிப்படை.

2001 பிப்ரவரி. விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் திண்ணையில் இருந்தார். என்ன வேலை என்றேன். "விவசாயம்." வீட்டம்மா? "அது சும்மாதாங்க இருக்கு." வேலை செய்யாதவர், வீட்டு வேலை என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கே எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா வந்தார். தலையில் புல்லுக்கட்டு, கையில் களைக்கொத்து. மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டிவிட்டு வருகிறாராம். கட்டை இறக்கி மாட்டுக்கு உதறிப் போட்டார். பால் கறந்தார். தூக்கை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்கு நடந்தார்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திரும்பிப் போய்த் திருத்தவில்லை. வெயில். இன்னும் இருபது வீடு பாக்கி. சொந்த நிலத்தில் கூலி வாங்காமல் செய்யும் வேலையும் வேலைதான் என்று 1991 சென்சஸ் கேள்வியிலேயே சேர்த்துவிட்டார்கள். பயிற்சியில் எங்களுக்கும் படித்துப் படித்துச் சொன்னார்கள். ஆகவே குற்றம் படிவத்தில் இல்லை, என்னிடம்.

இது சின்ன விஷயம் இல்லை என்பதற்கு ஒரு பழைய கணக்கு. 1961 சென்சஸில் உழைக்கும் பெண்கள் ஏறத்தாழ 6 கோடி. 1971இல் 3 கோடிக்குச் சற்று மேல். பத்து வருஷத்தில் பாதிப் பெண்கள் வயலை விட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்களா? இல்லை. 1971இல் "முக்கியமாக என்ன செய்கிறீர்கள்" என்று கேள்வியை மாற்றினார்கள். காலையில் சோறாக்கிவிட்டு நாள் முழுக்க நாற்று நட்ட பெண்ணும் "வீட்டு வேலை" என்று பதில் சொன்னாள், அல்லது அவளுக்காக வேறு யாரோ சொன்னார்கள். கணக்கில் பாதிப் பேர் மறைந்தார்கள். களையை மட்டும் யாரோ எடுத்துக்கொண்டே இருந்தார்கள்!

இப்போது எதிர்ப்பக்கம் நடக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்புச் சந்தையில் இருப்பவர்கள் 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7 சதவீதம் என்கிறது மத்திய அரசின் உழைப்பாளர் கணக்கெடுப்பு. புரட்சி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வாத்தியார் புத்தி, அடுத்த பக்கத்தையும் புரட்டச் சொல்கிறது. வேலை செய்யும் பெண்களில் மாதச் சம்பளக்காரர்கள் அதே காலத்தில் 21 சதவீதத்திலிருந்து 15.9 ஆகக் குறைந்திருக்கிறார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல், வீட்டுக்காரரின் நிலத்திலோ கடையிலோ சம்பளமில்லாமல் உதவுகிறவர்கள். கிராமத்துப் பெண் உழைப்பாளர்களில் விவசாயத்தில் இருப்பவர்கள் நூற்றுக்கு 73இலிருந்து 77 பேர் ஆகியிருக்கிறார்கள்.

நாடு முன்னேறினால் ஜனங்கள் வயலிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து ஆபீசுக்கும் போவார்கள் என்று முப்பது வருஷம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியவன் நான். நடந்தது அவ்வளவு நேராக இல்லை. 2011 சென்சஸில் முதல்முறையாக, சொந்தமாகப் பயிர் செய்பவர்களைவிட (11.9 கோடி) விவசாயக் கூலிகள் (14.4 கோடி) அதிகமானார்கள். விவசாயத்தை நம்பியிருப்பவர்கள் 2018-19இல் 42.5 சதவீதம். கொரோனாவில் ஊர் திரும்பியவர்களோடு 45.6 ஆனது. 2023-24இல் 46.1. அம்புக்குறி பின்னால் திரும்பி நிற்கிறது.

ஆண்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கொத்து வேலைக்கும் போக, நிலத்தைப் பார்த்துக்கொள்வது பெண்கள் என்பதை நம் ஊர்ப் பஸ் ஸ்டாண்டில் காலை ஆறு மணிக்கு நின்றாலே பார்க்கலாம். அவர்களை "வேலைக்கு வந்துவிட்டார்கள்" என்று கொண்டாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பாதிப் பேர் எப்போதும் அங்கேதான் இருந்தார்கள். நாம்தான் இப்போது எண்ண ஆரம்பித்திருக்கிறோம். மீதிப் பேர் வேறு வழியில்லாமல் வந்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் கமெண்டில் சொல்லலாம்.

"எண்ணி என்ன சார் ஆகப்போகுது" என்று ஒரு நண்பர் நிச்சயம் கேட்பார். பயிர்க்கடனும் வெள்ள நிவாரணமும் பெரும்பாலும் பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். பட்டா இல்லாதவளுக்கு, விவசாயி என்று ஒரு காகிதத்திலாவது பேர் இருக்கட்டுமே ஐயா.

ஆகவே அம்மா, உனக்குச் சொல்ல வேண்டியது இதுதான். 2027 பிப்ரவரியில் நீ போகும்போது, வேலை பற்றிய கேள்வியைத் திண்ணையில் இருப்பவரிடம் மட்டும் கேட்காதே. அந்த அம்மாவையே கூப்பிட்டுக் கேள். "வேலை செய்றீங்களா" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். நடவுக்குப் போனீர்களா, களைக்குப் போனீர்களா, மாடு யார் பார்க்கிறார்கள், பால் எங்கே ஊற்றுகிறீர்கள், எத்தனை மாசம் என்று ஒவ்வொன்றாகக் கேள். ஆறு மாதத்துக்குக் குறைவாக உழைத்தவர்களுக்கும் எங்கள் காலத்துப் படிவத்தில் இடம் இருந்தது. வீட்டுக்கு ஐந்து நிமிஷம் கூடுதலாகும். ஆகட்டும்.

நான் சொன்ன அந்த வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த அம்மா இருக்கிறார். போன பொங்கலுக்கு அந்தப் பக்கம் போனபோதும் இரண்டு மாடு கட்டியிருந்தது. உன் பிளாக்கில் அந்தத் தெரு வந்தால் எனக்கு ஒரு போன் செய், வீட்டு அடையாளம் சொல்கிறேன்.