நீர் கலவாத பால்

கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள வடக்கனந்தலுக்கு அண்மையில் சென்றிருந்தோம். கரும்பும் மரவள்ளியும் பயிரிடும் ஒரு குடும்பத்தார் நம்மை அன்புடன் வரவேற்றனர். அவ்வீட்டுச் சுவர் அலமாரியில் தடித்த அறிவியல் நூல் ஒன்று அட்டை கசங்காமல், புத்தம் புதிதாக இருந்தது. ஆறாம் வகுப்பில் பயிலும் மகளுக்கென்று, கரும்புப் பணம் கைக்கு வந்ததும் தந்தையார் கள்ளக்குறிச்சிக்குப் போய் வாங்கி வந்த நூல் அது. "மூன்று பக்கம் படித்தாள், பிறகு தொடவே இல்லை" என்று அவர் வருத்தத்துடன் கூறினார். மகளை அழைத்துக் காரணம் வினவினோம். அவள் தலையைக் கவிழ்ந்துகொண்டு, "எனக்கு அறிவியல் வராதுங்க" என்றாள்.

அன்று மாலை தந்தையும் மகளும் நம்மைக் கோமுகி அணைப் பக்கம் அழைத்துச் சென்றனர். வழியெல்லாம் அச்சிறுமி வினாக்களைத் தொடுத்துக்கொண்டே வந்தாள். மலைமேல் பெய்யும் மழை இங்கே வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? 46 அடி உயரத்துக்கு நீர் நின்றால் அது கரையைத் தள்ளாதா? அணையின் மேற்பகுதி குறுகலாக இருக்க, அடிப்பகுதியை மட்டும் ஏன் அவ்வளவு அகலமாகக் கட்டினார்கள்? 'அறிவியல் வராது' என்று சொன்ன பிள்ளை கேட்ட கேள்விகள் இவை! அவளிடம் குறை ஒன்றும் இல்லை. அவள் கையில் கொடுக்கப்பட்ட நூல் அவளுக்கு உரியதாக இல்லை, அவ்வளவே. ஆனால் அவளோ பிழையைத் தன்மீதே சுமத்திக்கொண்டாள். பொருந்தாத நூல் பணத்தை மட்டும் வீணாக்குவதில்லை. தன்னால் முடியும் என்னும் நம்பிக்கையையும் பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகின்றது. ஆதலால், அறிவு நூல்களை யாருக்கு, எவ்வாறு தேர்ந்தளிப்பது என்பதைப் பற்றி இம்மாதம் நம் குடும்பங்களோடு சிந்திக்க விரும்புகின்றோம்.

புனித பவுலடியார் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், குழந்தைகளுக்குப் பாலும் வளர்ந்தோருக்குத் திட உணவும் என்னும் உவமையை எடுத்தாள்கின்றார். தாய்மார்களுக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. பால் எளிய உணவு. ஆயினும் அது முழு உணவு. நீர் கலந்த பால் பார்வைக்குப் பாலைப்போல் இருக்கும், பிள்ளையை வளர்க்காது. எளிய நூல்களிலும் இவ்விரு வகை உண்டு. கடினமான செய்தியைக் கற்போன் ஏற்கும் வண்ணம் தருவது ஒரு வகை. செய்தியையே பாதி உண்மையாகவும் பாதி பொய்யாகவும் நீர்க்கச் செய்து, எளிமை என்று பெயர் சூட்டுவது மற்றொரு வகை. முன்னதைத் தேடுவதும் பின்னதை விலக்குவதும் பெற்றோர் கடமை.

தொடங்குவோருக்கென நூல் இயற்றும் பணி நம் திருச்சபைக்குப் புதியதன்று. இயேசு சபைக் குருவானவர் என்றிக் என்றிக்ஸ் அடிகளார் தமிழில் ஆக்கித் தந்த 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சேறியது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் என்னும் பெருமை அதற்கு உண்டு. அப்பெருமைக்குரிய நூலின் அளவோ பதினாறே பக்கம்! அதற்கு அடுத்த ஆண்டில், 1579இல், கொச்சியில் வெளிவந்தது 'கிரீசித்தியானி வணக்கம்'. போர்ச்சுக்கல் நாட்டு மார்க்கோசு சோர்சு அடிகளார் சிறுவர்க்குக் கற்பிப்பதற்கென்றே உரையாடல் வடிவில் எழுதிய ஞானோபதேசத்தின் தமிழாக்கம் அது. ஆசிரியரும் மாணவனும் வினாவும் விடையுமாகப் பேசிக்கொள்ள, மறையுண்மைகள் ஒவ்வொன்றாக விளங்கி வரும். நம் மொழியின் அச்சுக்கலை தொடக்கநிலையினருக்கான சிறு நூல்களோடு தோன்றியது என்பதை எண்ணும்போது, சிறு நூல்களை ஏளனமாகப் பார்க்கும் எண்ணம் நம்மை விட்டு அகல வேண்டும்.

தொடக்க வாசகர், குழந்தை, ஆர்வமுள்ள பொது வாசகர் ஆகிய மூவரையும் ஒரே தட்டில் வைப்பது பலர் செய்யும் பிழை. இவர்களின் தேவைகள் வெவ்வேறு.

குழந்தைக்குச் சொற்களும் குறைவு, உலக அனுபவமும் குறைவு. ஆகவே அதன் நூல் கண்ணெதிரே உள்ள பொருளிலிருந்து தொடங்க வேண்டும். மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில அறிவியலறிஞர், இலண்டனில் கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர்களுக்கென அறிவியல் சொற்பொழிவுகள் நிகழ்த்தி வந்தார். அவற்றுள் புகழ்பெற்றவை மெழுகுதிரியைப் பற்றியவை. 1861இல் அவை நூலாக வெளிவந்தன. நம் பீடங்களில் நாள்தோறும் எரியும் அதே மெழுகுதிரிதான். மெழுகு எவ்வாறு உருகித் திரியில் ஏறுகின்றது, சுடருக்குக் காற்று ஏன் தேவை, எரிந்தபின் நீரும் கரியமிலவாயுவும் எவ்வாறு உண்டாகின்றன என்று படிப்படியாகச் சென்று, நாம் விடும் மூச்சு வரைக்கும் வந்து சேர்கின்றார் அவர். அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லும் இவ்வழியே சிறுவர் நூலுக்கு உரிய வழி. விதையையும் புளிப்பு மாவையும் வலையையும் காட்டி விண்ணரசை விளக்கிய நம் ஆண்டவரும் இவ்வழியையே கையாண்டார் அல்லவா?

வயது வந்தபின் எழுத்தறிந்தோர் நிலை வேறு. இவர்களுக்குச் சொற்கள் புதியவை, வாழ்க்கை புதியதன்று. மலையில் சாமையும் தினையும் விளைவித்துப் பழுத்த அனுபவமுடைய ஒரு தாயின் கையில் அணிற்குட்டிப் படம் போட்ட பாலர் நூலைக் கொடுத்தால், அது அவரை இழிவு செய்வதாகும். எழுத்து பெரிதாகவும் வாக்கியம் சிறிதாகவும் இருக்கட்டும். பொருள் மட்டும் முதிர்ந்தோருக்கு உரியதாக இருத்தல் வேண்டும். மெக்சிகோ நாட்டு மலைக்கிராமங்களில் தொண்டாற்றிய டேவிட் வெர்னர், மருத்துவர் இல்லாத ஊர்களுக்கென 1970களில் ஒரு நலவாழ்வு நூலை எழுதினார். அவர் மருத்துவர் அல்லர். ஆயினும் கிராமத்தார்க்கு விளங்கும் சொற்களாலும் கோட்டுப் படங்களாலும் எழுதிய அந்நூல் பற்பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் பரவியது. எந்த நிலையில் தாமதியாமல் மருத்துவரை நாட வேண்டும் என்பதையும் அது சொல்லித் தருகின்றது. தன் எல்லையை அறிந்து கூறுவது நல்ல தொடக்க நூலின் இலக்கணம்.

மூன்றாமவர் ஆர்வமுள்ள பொது வாசகர். இவர் நன்கு படிப்பவர். ஆனால் அந்தத் துறைக்குப் புதியவர். இத்தகையோருக்காகத் தமிழில் அரும்பாடுபட்டவர் பெ. நா. அப்புஸ்வாமி (1891–1986). தொழிலால் அவர் வழக்கறிஞர். 1917 முதல் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அறிவியலைத் தமிழில் எழுதிவந்தார். துறை வல்லுநர் அல்லாத ஒருவர், தாம் முதலில் கற்றுத் தெளிந்து, பின்னர் பிறருக்குத் தெளிவித்தார். கற்பவனுக்கு எந்த இடத்தில் கால் இடறும் என்பதை, தாமே அவ்வழியில் நடந்தவர் நன்கறிவார்.

கதை நூலில் ஒரு பிழை நேர்ந்தால் சுவை குன்றும். அறிவு நூலில் பிழை நேர்ந்தால் உயிருக்கே கேடு வரலாம். பாம்பு தீண்டினால் கடிவாயைக் கீறி இரத்தத்தை உறிஞ்ச வேண்டும், கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும் என்று பழைய நூல்கள் சில எழுதியுள்ளன. இவை தீங்கு என்று இன்றைய மருத்துவம் தெளிவாகக் கூறுகின்றது. கீறலாகாது; உறிஞ்சலாகாது; இறுகக் கட்டலாகாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்ல வேண்டும். கரும்புத் தோட்டத்தில் இறங்கி வேலை செய்யும் நம் மக்களுக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று.

ஆகவே எந்த அறிவு நூலை வாங்கினாலும் அது வெளிவந்த ஆண்டை முதலில் பார்ப்பீர்களாக. கோள்கள் ஒன்பது என்று பழைய நூல்கள் கூறும். 2006ஆம் ஆண்டில் வானியலறிஞர்கள் புளூட்டோவைக் குறுங்கோள் என வகைப்படுத்தியபின், கோள்கள் எட்டே. அவ்வளவு தொலைவுக்குப் போவானேன்? கள்ளக்குறிச்சியைத் தென்னார்க்காடு மாவட்டத்தில் வைக்கும் நூலும் உண்டு. 1993க்குப் பின் வந்த நூல் விழுப்புரம் மாவட்டம் என்னும். 2019 முதல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம். மூன்றும் அவ்வக்காலத்தில் உண்மையே. அறிவு வளரும் தன்மையது என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்த, இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும்.

அறிவியல் நூல்களை மிகுதியாகப் படித்தால் பிள்ளையின் விசுவாசம் தளருமோ என்று அஞ்சும் பெற்றோரும் நம்மிடையே உள்ளனர். பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபுவழிப் பண்புகளின் விதிகளைக் கண்டறிந்து 1866இல் வெளியிட்ட கிரகோர் மெண்டல், அகுஸ்தினார் சபைத் துறவி. பேரண்டம் விரிவடைகின்றது என்னும் கருத்தை 1927இல் எடுத்துரைத்த ஜார்ஜ் லெமேத்ர், பெல்சிய நாட்டுக் கத்தோலிக்கக் குரு. இவர்கள் படைப்பை ஆராய்ந்தனர், படைத்தவரை மறக்கவில்லை. பிள்ளை கேட்கும் கேள்விக்கு அதட்டலே விடையாகக் கிடைக்குமாயின், அதுவே விசுவாசத்துக்கு இடறலாகும்.

இனி, செய்யத்தக்கவை சில.

கடையிலோ நூலகத்திலோ நூலைப் பிள்ளையின் கையில் கொடுத்து, நடுவில் ஏதேனும் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பொருள் விளங்காத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால், அந்நூல் இப்போதைக்கு வேண்டாம். சில ஆண்டுகள் கழித்துப் பார்க்கலாம். நூலின் கனத்தையும் அட்டையின் பளபளப்பையும் கண்டு ஏமாற வேண்டாம். தேர்வுக்கென ஒற்றை வரி வினாவிடைகளை அடுக்கித் தரும் 'பொது அறிவு' நூல்கள் மனப்பாடத்துக்கு உதவலாம். ஏன், எப்படி என்னும் கேள்விகளுக்கு அவற்றில் இடம் குறைவு.

பணச் செலவின்றியும் வழி உண்டு. பெரியசாமித் தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் முதலில் பெரியோர்க்கான கலைக்களஞ்சியத்தை உருவாக்கியது. அதனோடு அமையாமல், 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் வெளியிட்டது. பெரியோர் நூலைச் சுருக்கிக் கொடுத்தால் போதும் என்று எண்ணாமல், குழந்தைகளுக்கெனத் தனியே உழைத்த அப்பெருமக்களை வணங்கத் தோன்றுகின்றது. அத்தொகுதிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இன்று கைப்பேசியிலேயே படிக்கலாம். ஐம்பதாண்டுப் பழமையுடையவை ஆதலால், மேலே சொன்ன எச்சரிக்கையோடு பெற்றோர் உடனமர்ந்து படித்தல் நலம்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் அவர்கள் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்து. நூலையும் அதற்குரிய வாசகரையும் ஒன்றுசேர்ப்பதே நூலகப் பணி என்பது அவற்றுள் ஓடும் கருத்து. நம் பங்குகளில் மறைக்கல்வி நடக்கும் அறையில் ஓர் அலமாரியை ஒதுக்கி, குழந்தைகளுக்கு ஒரு தட்டு, புதிதாக எழுத்தறிந்தோருக்கு ஒரு தட்டு, பொது வாசகருக்கு ஒரு தட்டு எனப் பிரித்து வைத்தால் என்ன? ஞாயிறு திருப்பலி முடிந்தபின் அரைமணி நேரம் திறந்து வைத்தால், தத்தம் நூலைத் தாமே எடுத்துப் பார்க்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு வரும்.

வடக்கனந்தல் சிறுமியிடம் மீண்டும் வருவோம். அணையிலிருந்து திரும்பியதும், ஒரு பழைய தகர டப்பாவை வாங்கி, மேலும் கீழுமாக அதில் மூன்று துளைகள் இட்டோம். அவளே நீரை நிரப்பினாள். மேல்துளையில் நீர் மெல்ல வடிந்தது; அடித்துளையில் வேகத்தோடு பீறிட்டது. சற்று நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள், "ஆழம் கூடக் கூடத் தண்ணி பலமாத் தள்ளுது. அதனாலதான் அணைக்கு அடியில அகலமாக் கட்டியிருக்காங்க!" என்றாள். பிறகு அவளாகவே அலமாரியைத் திறந்து அத்தடித்த நூலை எடுத்தாள். நீரைப் பற்றிய பகுதி எத்தனையாவது பக்கத்தில் உள்ளது என்று பொருளடக்கத்தில் தேடத் தொடங்கினாள். பக்கத்தில் அமர்ந்திருந்த தந்தையார், "எனக்கும் வாசித்துக் காட்டம்மா" என்றார்.

நம் பிள்ளைகளுக்கு அறியும் ஆவலைத் தந்தவர் இறைவன். அவ்வாவல் பசியால் வாடாமல், நீர் கலவாத பாலை ஊட்டி வளர்க்கும் பொறுப்பை அவர் நம் கையில் ஒப்படைத்திருக்கின்றார்.