வாக்கெடுத்துத் தரும் சகோதரத்துவம்

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆண்களுக்கு ‘பிரட்டர்னிட்டி’, பெண்களுக்கு ‘சொராரிட்டி’ என்று சங்கங்கள் உண்டு. முன்னதற்குச் சகோதரத்துவம் என்று பொருள். கூச்சம், திக்குவாய், ஆட்டிசம் என்று பழகச் சிரமப்படும் மாணவர்கள் இவற்றில் சேரலாமா?

சேரலாம் என்போரின் வாதத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. ஒரே வீடு, ஒன்றாகச் சாப்பாடு, கையில் ஒரு பொறுப்பு, தினம் பார்க்கும் முகங்கள். தனிமையில் வாடுபவருக்கு இவை பெரிய ஆறுதல்.

ஆனால் அந்த வீட்டின் வாசலில் ‘ரஷ்’ என்ற தேர்வு நிற்கிறது. சில நாட்களில் பல வீடுகள், வீட்டுக்குச் சில நிமிடப் பேச்சு, பிறகு உறுப்பினர்களின் மூடிய வாக்கெடுப்பு. எது வராமல் ஒருவர் தவிக்கிறாரோ அதுவே நுழைவுத்தேர்வு.

மூடிய வாக்கெடுப்பு யாரை வெளியே நிறுத்தும் என்பது சாதியை அறிந்த நமக்குப் புதிதல்ல. அலபாமா பல்கலைக்கழகத்தின் வெள்ளையர் சொராரிட்டிகள் கறுப்பின மாணவிகளை நிராகரித்ததை 2013இல் அங்குள்ள மாணவர் பத்திரிகையே அம்பலப்படுத்தியது. சேர்த்துக்கொள்ள விரும்பிய இளம் உறுப்பினர்களை முன்னாள் உறுப்பினர்கள் தடுத்ததும் வெளிவந்தது.

உள்ளே போனால் ‘ஹேசிங்’ காத்திருக்கிறது. நம் ஊர் ராகிங்கின் அண்ணன் அது. 2017இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 19 வயது திமோதி பியாசா, சேர்க்கை இரவில் அளவுக்கு மீறிக் குடிக்க வைக்கப்பட்டு, படிக்கட்டில் விழுந்து இறந்தார். உடனிருந்தவர்கள் பல மணி நேரம் உதவிக்கு யாரையும் அழைக்கவில்லை. யாராவது ஏற்றுக்கொள்ள மாட்டார்களா என்று நெடுங்காலம் ஏங்கியவருக்கு அந்த இடத்தில் ‘முடியாது’ என்று சொல்வது இன்னும் கடினம்.

வேறு வகையான தொடக்கமும் உண்டு. 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒதுக்கப்பட்ட கறுப்பின மாணவர்கள், ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ள ‘ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா’வைத் தொடங்கினார்கள். மார்ட்டின் லூதர் கிங் அதன் உறுப்பினர். அத்தகைய சங்கங்களிலும் பின்னாளில் ஹேசிங் நுழைந்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ நூலில் சுதந்திரம், சமத்துவத்தோடு சேர்த்தே சகோதரத்துவத்தை வைத்தார். சமத்துவத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகும் சகோதரத்துவம் சலுகை பெற்றவர்களின் கூட்டு மட்டுமே.

எனவே பழகச் சிரமப்படும் மாணவருக்கு நான் சொல்வது: பெயர் கொடுத்தாலே சேர்த்துக்கொள்ளும் குழுவைத் தேடுங்கள். சதுரங்கமோ நாடகமோ தொழிற்சங்கமோ, ஒரு வேலையைச் சேர்ந்து செய்யும் இடமாக இருக்கட்டும். பேச்சு மெல்ல வரும்.

தோழர்களே, நம் வாசகர் வட்டங்களையும் இதே கண்ணால் பார்ப்போம். சரளமாகப் பேசுபவரைத்தானே நாமும் தோழர் என்று சீக்கிரம் அழைக்கிறோம்? கடைசி வரிசையில் பேசாமல் இருந்துவிட்டுப் போகிறவர் அடுத்த வாரமும் வருகிறாரா என்று கவனிப்போம்.